பிழை நாணயமா, அடிபட்ட காசா? சில்லறையில் தேடிய வருடங்களில் நான் கற்றது

எனக்குக் கிடைத்த முதல் "எரர் காயின்" உண்மையில் எரர் காயினே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதமும், தரச்சான்றுக் கட்டணமும், போக வரத் தபால் செலவும் ஆயின.

ஒரு நாள் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு காசு மட்டும் கைக்கு வித்தியாசமாகப் பட்டது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் சிறியது. விளிம்பு தடித்து, உள்பக்கமாகச் சுருண்டு, எழுத்துகளின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. நடுவில் இருந்த உருவமும் எழுத்துகளும் ஒரு குறையும் இல்லாமல் தெளிவாக இருந்தன. அடிபட்ட காசு இவ்வளவு ஒழுங்கான வட்டமாக இருக்குமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இணையத்தில் படம் படமாகப் பார்த்து, ஏதோ ஒன்று இதைப் போலவே இருக்கிறது என்று முடிவு செய்து, சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு ஏற்பட்ட சேதம் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் உருளைக்குள் எங்கோ இடுக்கில் மாட்டிக்கொண்ட காசு, ஆயிரக்கணக்கான தடவை விளிம்பு இடிபட்டு உருண்டால் அப்படித்தான் ஆகுமாம். சேகரிப்பாளர்கள் அதற்கு டிரையர் காயின் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

பணம் போனதைவிட நான் தேடிய முறைதான் என்னை அதிகம் உறுத்தியது. என் காசைப் போல இருக்கும் படத்தைத்தான் நான் தேடினேன். இது எந்தக் கட்டத்தில், எப்படி நடந்திருக்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இப்போது எந்தக் காசை எடுத்தாலும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். பதில் வரவில்லை என்றால், காசு எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் தனியாக எடுத்து வைத்துவிடுவேனே தவிர ஆசைப்பட மாட்டேன்.

அந்தக் கேள்வியைக் கேட்க, காசு பிறக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். நீளமான உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வெட்டுகிறார்கள். வெட்டிய வில்லையைச் சூடாக்கி மென்மையாக்கி, கழுவி, விளிம்பை லேசாக மேலே எழுப்புகிறார்கள். பிறகு அந்த வில்லை காலர் என்ற உலோக வளையத்துக்குள் உட்காரும். மேலே ஒரு டை, கீழே ஒரு டை, அதாவது உருவம் செதுக்கிய எஃகு அச்சுகள், ஒரே அடி. தலையும் பூவும் ஒரே நொடியில் விழுகின்றன. அடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கம் பிதுங்காமல் காலர் பிடித்துக்கொள்ளும். பிழை என்று எதைச் சொன்னாலும் அது வில்லையில் இருக்க வேண்டும், டையில் இருக்க வேண்டும், அல்லது அடிக்கும் அந்த நொடியில் நடந்திருக்க வேண்டும். நான்காவது இடம் கிடையாது.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது, எனக்கு இன்றுவரை அதிகம் உதவியது அதுதான். டையில் பள்ளம் விழுந்தால் காசில் மேடாக வரும். டை விரிசல் விட்டால் காசில் அது மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும், டையின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் காசின் மேல் உருவமே இல்லாத ஒரு சதைத் திரட்சி நிற்கும். காசில் இருப்பது உள்ளே இறங்கிய கோடு என்றால் பெரும்பாலும் அது யாரோ எதாலோ கீறியது. அடிக்கும்போது நூலோ கம்பியோ இடையில் மாட்டினாலும் பள்ளம் விழும், அது உண்மையான பிழைதான். ஆனால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்காது. கீறலில் நிற்கும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும். 1937-ல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் ஒரு டையை அளவுக்கு மீறி மெருகேற்றியதில் ஐந்து சென்ட் காசிலிருந்த எருமையின் முன்கால் ஒன்று மறைந்துபோனது. அந்த மூன்று கால் எருமைக்கு இருக்கும் மவுசைப் பார்த்து, சாதாரணக் காசில் காலைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்கள் வந்தார்கள். ஆனால் அசல் காசில் எருமையின் வயிற்றுக்குக் கீழே சிறு சிறு மேட்டுப் புள்ளிகள் ஒரு வரிசையாக இருக்கும். உலோகத்தைச் சுரண்டிக் காலை எடுக்கலாம், சுரண்டி மேட்டை உண்டாக்க முடியாதே.

டிரையர் காசுக்கு அடுத்து எனக்கு வாய்த்தது நல்ல காசு. ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி கடித்தது போல இருந்தது. பட்டையிலிருந்து வெட்டும்போது பட்டை சரியாக நகராமல், ஏற்கனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி ஏறிவிட்டால் வில்லை இப்படிக் குறையோடு வரும், கிளிப் என்பார்கள். முந்தைய அனுபவம் இருந்ததால் இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். முதலில், கடிக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே விளிம்பு மங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே இருந்தது. விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் ஒரு பக்கம் உலோகம் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது, அதனால் அங்கே விளிம்பு எழாது. இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். எல்லா கிளிப்பிலும் இது தெரியும் என்று இல்லை, தெரிந்தால் நல்ல சாட்சி. அடுத்து, கடிக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகள். அவை கடியின் பக்கமாக இழுபட்டு, மெலிந்து, வழுக்கியது போல இருந்தன. உலோகம் காலியாக இருந்த இடத்தை நோக்கி ஓடியதன் அடையாளம் அது. அரம் போட்டு ராவியிருந்தால் எழுத்து கத்தியால் நறுக்கியது போல நின்றிருக்கும். கடைசியாகத் தராசு: குறைந்த எடை, காணாமல் போன துண்டின் அளவுக்குப் பொருத்தமாக இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம், காசின் மதிப்பைப் பற்றியது இல்லை. யாரிடமும் கேட்காமல், காசே சொன்ன சாட்சியை வைத்து முடிவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

தராசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், நல்ல பக்கவாட்டு வெளிச்சம். இவை போதும். இருநூறு மடங்கு காட்டும் மைக்ரோஸ்கோப் வாங்கியவர்கள் ஒவ்வொரு காசிலும் பிழை பார்க்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பெருக்கத்தில் எந்தக் காசும் சுத்தமாக இருக்காது. லென்ஸில் தெரியாத பிழைக்கு வாங்குபவரும் கிடைக்க மாட்டார்.

எடை எத்தனை சண்டையைத் தீர்க்கும் என்பதற்கு ஒரு உதாரணம். செம்பு நடுவிலும் இரண்டு பக்கமும் வெள்ளை நிற உலோக அடுக்கும் கொண்ட காசுகளில், ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறமாக இருந்தால் மேலடுக்கு விழாமல் போன பிழையாக இருக்கலாம், மண்ணில் கிடந்து நிறம் மாறியதாகவும் இருக்கலாம். படத்தை வைத்து எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். அமெரிக்கக் கால் டாலரை எடுத்துக்கொண்டால் முழு எடை 5.67 கிராம்; அதில் ஒவ்வொரு மேலடுக்கும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அடுக்கு இல்லாத காசு அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். 5.67-க்குப் பக்கத்தில் நின்றால் அது வெறும் நிறமாற்றம், பேச்சுக்கே இடமில்லை. காந்தமும் அப்படித்தான். 1943-ல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்க ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். முந்தைய வருடத்து வெண்கல வில்லைகள் சில தப்பித் தவறிக் கலந்துவிட, அப்படி வந்த 1943 செம்பு சென்ட் உலகப் புகழ் பெற்றது. இன்று ஒருவர் கையில் செம்பு நிறத்தில் ஒரு 1943 சென்ட் இருந்தால் முதல் வேலை காந்தத்தை வைப்பது. ஒட்டினால் எஃகு, மேலே செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிட முடியாது, 1948-ன் எட்டைப் பாதி சுரண்டி மூன்றாக்கிய காசுகளும் இருக்கின்றன.

இனி நான் அதிக நாள் ஏமாந்துகொண்டிருந்த இடம்: இரட்டைப் பதிவு. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தால் டபுள்டு டை என்று நினைத்துக்கொள்வேன். ஒரு கட்டத்தில் அப்படி நாற்பது காசுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் மெஷின் டபுளிங். அடி விழுந்த கணத்தில் டை கொஞ்சம் தளர்ந்து நகர்ந்தால், அப்போதுதான் பதிந்த எழுத்தின் ஓரத்தை அது தள்ளி நசுக்கிவிடும். அதனால் எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையான ஒரு படிக்கட்டு மாதிரி தெரியும், அசல் எழுத்து அந்த அளவுக்கு ஒல்லியாகிவிடும். டபுள்டு டை வேறு. அங்கே தவறு காசை அடிக்கும்போது நடந்தது இல்லை, டையைச் செய்யும்போது நடந்தது: உருவத்தை டையில் அழுத்தும் ஹப் என்ற மூல அச்சு இரண்டாம் தடவை கொஞ்சம் விலகி அழுந்திவிட்டது. இரண்டு எழுத்தும் டையிலேயே செதுக்கப்பட்டிருப்பதால், காசில் இரண்டும் உருண்டையான மேடாக, எழுத்து வழக்கத்தைவிடத் தடித்து, முனைகளில் பிளவோடு இருக்கும். ஒல்லியானால் மெஷின், தடித்தால் டை. இதை நான் ஒரு காகிதத்தில் எழுதி லென்ஸ் டப்பாவுக்குள் வைத்திருந்தேன். அந்த நாற்பதையும் செலவுக்கு விட்ட அன்று மனசு கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

டபுள்டு டைக்கு இன்னொரு குணம் உண்டு. தவறு டையில் இருப்பதால் அந்த டை அடித்த காசுகள் எல்லாம் ஒரே அச்சாக அதே இரட்டிப்போடு வரும். 1955-ல் பிலடெல்பியாவில் அடித்த ஒரு சென்ட் காசில் தேதியும் எழுத்தும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். 20,000-க்கு மேல் வெளியே போய்விட்டன. அவற்றில் பல, சிகரெட் விற்கும் இயந்திரங்களின் பாக்கெட்டுகளில் மீதிச் சில்லறையாக வந்தன என்று சொல்வார்கள். ஆக, உங்களிடம் இருப்பது டபுள்டு டை என்று தோன்றினால், அதே வருடத்துப் பதிவான ரகங்களின் தெளிவான படங்களோடு பொருத்திப் பார்க்க முடியும். இரட்டிப்பு விழுந்த திசை, இடம், அளவு எல்லாம் அப்படியே ஒத்துப்போக வேண்டும். "கிட்டத்தட்ட" என்பதற்கு இங்கே இடம் இல்லை. கிளிப், ஆஃப் சென்டர் (வில்லை நடுவில் உட்காராததால் அச்சு ஒரு பக்கமாக விலகி விழுந்தது) போன்றவை அப்படி இல்லை, ஒன்று போல இன்னொன்று இருக்காது. இந்த வித்தியாசம் விலையிலும் வரும்.

திசை திரும்பிய டை பற்றியும் ஒரு வார்த்தை. தலைப் பக்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு காசைப் புரட்டினால் பின்பக்கம் எப்படி வர வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். யூரோ, பிரிட்டிஷ் காசுகளைப் பக்கவாட்டில் புரட்டினால் பின்பக்கம் நேராக நிற்கும். அமெரிக்கக் காசை அப்படிப் புரட்டினால் தலைகீழாக நிற்கும், அது அவர்கள் முறை. நேராக நிற்கும் காசுகளிலேயே பழகிய ஒருவர் அமெரிக்கக் காசு ஒரு கைப்பிடி கிடைத்ததும் எல்லாமே 180 டிகிரி பிழை என்று துள்ளிக் குதித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசின் சரியான நிலை எது என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு அளக்க வேண்டும். பத்துப் பதினைந்து டிகிரி விலகலை யாரும் கண்டுகொள்வதில்லை. 90, 180 என்றால் கதை வேறு.

புதிதாகத் தேடுபவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: நாணயச்சாலைக்குள்ளேயே சல்லடையும் எண்ணும் இயந்திரமும் இருக்கின்றன. பாதி அச்சு மட்டும் விழுந்த காசு, காலருக்கு வெளியே அகலமாக நசுங்கிய காசு, இரண்டு காசு ஒட்டியது போன்றவை பெரும்பாலும் அங்கேயே சிக்கிவிடும். நம் சட்டைப்பைக்கு வந்து சேர்வது அளவும் கனமும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் காசுகள். டை விரிசல், சிறிய கிளிப், எண்ணெய்ப் பசை அடைத்ததால் மங்கிய எழுத்து, திரும்பிய டை, டபுள்டு டை, மற்றும் மியூல் என்று சொல்லும் ஜோடி மாறிய காசு. மியூல்தான் எனக்கு மிகவும் பிடித்த வகை, ஏனென்றால் அது கண்ணெதிரே இருந்தும் யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டனில் 2008-ல் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றியபோது வருடத்தைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய முன்பக்க டையும் புதிய பின்பக்க டையும் ஜோடி சேர்ந்துவிட, இரண்டு பக்கமும் வருடமே இல்லாத காசுகள் வெளியே போயின. ஆஸ்திரேலியாவின் 2000-ஆம் வருடத்து ஒரு டாலர் காசுகள் சிலவற்றின் தலைப் பக்கத்தை 10 சென்ட்டின் டையால் அடித்துவிட்டார்கள். இரண்டுக்கும் அளவு கொஞ்சம் வேறு என்பதால் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். எத்தனை பேர் அதைச் செலவு செய்திருப்பார்கள்! இன்னொரு பக்கம், இரண்டு பக்கமும் தலை உள்ள காசு கிடைத்தது என்று மாதம் ஒருவராவது என்னிடம் காட்டுகிறார்கள். அது மாயவித்தைக்காகச் செய்தது. ஒரு காசைக் குடைந்து அதற்குள் இன்னொன்றைப் பொருத்தியிருப்பார்கள். விளிம்பின் உள்பக்கம் லென்ஸை வைத்துச் சுற்றிப் பார்த்தால் மெல்லிய பொருத்துக்கோடு தெரியும்.

சரி, மதிப்புக்கு வருவோம். இங்கேதான் மனம் நிறைய ஏமாற்றும்.

ஒருவர் கேட்கும் விலையும் ஒருவர் கொடுத்த விலையும் வேறு வேறு. இணையத்தில் எந்தக் காசுக்கும் எந்த விலையும் போட்டு வைக்கலாம், அதைப் பார்த்து இன்னொருவர் அதே விலை போடுவார், அதைச் செய்தியாக்கவும் ஆள் இருக்கிறது. விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். ஏலத் தளங்களில் முடிந்த விற்பனைகளைத் தனியாக வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதே மதிப்புக் காசு, அதே வகைப் பிழை, ஏறக்குறைய அதே அளவு விலகல், ஏறக்குறைய அதே தேய்மானம். இந்த நான்கும் ஒத்துப்போகும் விற்பனை நான்கைந்தாவது கிடைத்தால் ஒரு வீச்சு தெரியும். அதில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிடுவேன். மிச்சத்தில் தளக் கழிவும் அனுப்பும் செலவும் போனால் கைக்கு வருவதுதான் விலை. டபுள்டு டை போல எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் ரகங்களுக்கு இந்த ஒப்பீடு சுலபம், விலையும் பெரிதாக ஆடாது. ஒற்றைக்கு ஒற்றையான பிழைகளுக்கு அன்று எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து எங்கேயோ போகும்.

நான் இதில் சறுக்கியது ஒரு ஆஃப் சென்டர் காசில். அதை நான் ஒரு நாணய வியாபாரியிடம் நேரில் காட்டினேன். அவர் சொன்ன தொகை எனக்குப் பெரியதாகத் தோன்றியது, அங்கேயே கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்: சில சதவீதம் மட்டும் விலகிய காசுக்குப் பெரிய கிராக்கி இல்லை, பாதி அளவுக்கு விலகியும் வருடம் முழுதாகத் தெரிகிற காசுகளைத்தான் தேடி அலைகிறார்கள். அதே விலகலில் வருடம் வெளியே போய்விட்டால் மதிப்பு விழுந்துவிடும். என்னுடையது பாதி அளவுக்கு விலகிய ரகம், வருடமும் தெளிவாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்து, காட்டும் அன்றே கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பிழை பெரிதாகத் தெரிவதால் மட்டும் காசு அபூர்வம் ஆகிவிடாது. சிலியில் 2008-ஆம் வருடத்து 50 பெசோ காசில் நாட்டின் பெயரே தப்பாக, எல் இருக்க வேண்டிய இடத்தில் ஐ விழுந்து வந்தது. பார்த்தால் சிரிக்கும் அளவுக்குப் பெரிய தவறு. ஆனால் தவறு ஒற்றைக் காசில் நடந்தது இல்லை, வடிவத்திலேயே இருந்தது, அதனால் நிறைய அடித்துவிட்டார்கள். வருடம் இல்லாத 20 பென்ஸும் அபூர்வம் என்று பேசப்பட்டாலும், பிரிட்டனின் நாணயச்சாலை சொன்ன கணக்கே 50,000-லிருந்து 2,00,000 வரை. அதே நாட்டின் இரண்டு பென்ஸில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1982-ல் "நியூ பென்ஸ்" என்ற வாசகத்தை மாற்றினார்கள், ஆனால் 1983-ல் சில காசுகள் பழைய வாசகத்தோடு வந்துவிட்டன. மதிப்பு அந்த 1983-க்குத்தான். 1971-லிருந்து 1981 வரை அடித்தவை எல்லாவற்றிலும் அதே வாசகம் இருக்கிறது, அவற்றுக்கு முகமதிப்பு மட்டும்தான். பாதிக் கதையைக் கேட்டுவிட்டு 1977 காசை விற்பனைக்குப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சான்றுக்கு அனுப்புவதைப் பற்றி என் கணக்கு எளிமையானது. கட்டணம், தபால், காப்பீடு மூன்றையும் கூட்டி, காசின் விலை அதைப்போல மூன்று மடங்காவது இருந்தால் அனுப்புவேன். டை விரிசல், டையில் சிறு துணுக்கு உடைந்ததால் வரும் சிப், முலாம் கொப்புளம் எல்லாம் அந்தக் கணக்கில் தேறாது. அமெரிக்க ஒரு சென்ட் 1982-லிருந்து துத்தநாகத்தின் மேல் செம்பு பூசியது, அந்தப் பூச்சுக்குக் கீழே காற்று அடைத்துக் கொப்புளம் வருவது சாதாரணம்.

காசைத் தேய்க்கவே கூடாது. அழுக்காக இருக்கிறதே என்று பாலிஷ் போட்ட ஒரு காசை நான் விற்கப் போனபோது, வாங்க வந்தவர் லென்ஸை வைத்த இரண்டாவது நொடியில் கீழே வைத்துவிட்டார். மெல்லிய கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பிவிசி கலந்த மலிவான உறைகளிலும் போடாதீர்கள், சில வருடத்தில் பச்சையாக ஒரு பிசின் படியும். அட்டைக்கு நடுவில் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாள் வைத்த உறை போதும். உறையின் மேல் கிடைத்த தேதி, எடை, நான் நினைக்கும் பிழை, அது எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும் என்று நான்கு வரி எழுதி வைக்கிறேன்.

அந்த நான்காவது வரி காலியாக இருக்கும் உறைகள் இப்போது என்னிடம் பதினொன்று இருக்கின்றன. போன வாரம் அதில் ஒன்றை மறுபடி எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, தலையின் முகத்துக்கு முன்னால் இருந்த மங்கலான கோடு பூப் பக்கத்து உருவத்தின் ஓரத்தோடு தலைகீழாக அப்படியே பொருந்தியது. நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு டையும் ஒன்றோடு ஒன்று மோதி, ஒன்றின் தடம் மற்றதில் பதிந்திருக்கிறது. மூன்று வருடம் காலியாக இருந்த வரியில் "டை மோதல்" என்று எழுதினேன். மிச்சம் பத்து.